மறுகரைக்குப் போகும் பாதை

லண்டனில் வாழும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்றவர். படுக்கையும் அடுப்பும் பொருத்தப்பட்ட வான் ஒன்றில் மனைவியோடு ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளை இரண்டு வாரங்கள் சுற்றிவந்திருக்கிறார். அவசரமில்லாமல், நினைத்த இடத்தில் நின்று, கப்பல் வரும்வரை காத்திருந்து மேற்கொண்ட அந்தப் பயணம் அவரை வெகுவாகக் கவர்ந்துவிட்டது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது மட்டக்களப்பு வாவியையும் அவ்வாறே சுற்றவேண்டுமாம். எத்தனை நாள் தேவை, இரவில் எங்கே நிறுத்துவது, வானைப் பாதையில் ஏற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

புலம்பெயர்ந்த நம்மவர் பலருக்கும் இந்த எண்ணம் இருப்பதாக அறிகிறேன். கொழும்பிலிருந்து வருவோரும் இத்தகைய பயணங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். மட்டக்களப்புக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பாதை என்றால் தெரு. எங்களுக்கு அது வாவியைக் கடக்கும் மிதவையும் ஆகும். மிதவைகளின் மீது பலகைத் தளம் அமைத்து, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுசெல்வதுதான் எங்கள் பாதை. "பாதை போய்விட்டதா?" என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் பதறிக் கேட்டால், தெருவை வெள்ளம் கொண்டுபோய்விட்டதோ என்று நீங்கள் திகைக்க வேண்டியதில்லை. அடுத்த பாதை வரும்வரை அவர் கரையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். இக்கட்டுரையின் பொருளும் அந்தக் காத்திருப்புத்தான்.

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. மட்டக்களப்பு நகருக்கு அருகே பாலமீன்மடுவிலும், தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை; சூரியன் எழும் கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடும் குளமுமாக விரியும் பெருநிலம் படுவான்கரை. சூரியன் படும் கரை. பெயர் வைத்தவர்கள் திசைகாட்டி பார்த்து வைக்கவில்லை. வாவியின் நடுவே தோணியில் இருந்துகொண்டு வைத்திருக்கிறார்கள்.

ஊர்ப் பெயர்களும் அப்படியே. புளியந்தீவு, வவுணதீவு, மகிழடித்தீவு, போரதீவு என்று தீவுகள். மண்முனை, கடுக்காமுனை என்று முனைகள். அம்பிளாந்துறை என்று துறை. குருக்கள்மடம், ஓந்தாச்சிமடம் என்ற பெயர்களில் மடமும் இருக்கிறது. வழிநடப்போர் தங்கிச் செல்லும் மடங்களை நம் முன்னோர் அறிவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் வாரக்கணக்கில் இந்தக் கரையோரமாக நடப்பது வழக்கம். நிதானமான பயணத்தை நாம் எவரிடமிருந்தும் இரவல் வாங்கவேண்டிய அவசியமில்லை. வாகனம் மட்டுமே புதிது.

இனித் திட்டத்துக்கு வருவோம். வேகமாக ஓட்டினால் காலைச் சாப்பாட்டுக்கும் பகற்சாப்பாட்டுக்கும் இடையில் வாவியை ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிடலாம். அப்படிச் சுற்றியவர்கள் கண்டது வீதியின் தாரை மட்டுமே. எனது ஆலோசனை ஐந்து நாட்கள். காலம் பங்குனிக்குப் பின், ஆவணிக்கு முன். கார்த்திகை தொடக்கம் தை வரையிலான மாரியில் படுவான்கரையின் தாழ்நிலங்கள் பலமுறை நீரில் மூழ்கும். வான் உங்களைச் சுமப்பதற்குப் பதிலாக நீங்கள் வானைத் தள்ளவேண்டி வரும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வெம்மையாக வீசும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தோடு வருபவர் இங்கு வாகனம் ஓட்டுவதற்கு உள்ளூர் அனுமதியும் பெறவேண்டும். அதை முதலில் கவனியுங்கள்.

முதல் நாள் வானைத் தொடவேண்டாம். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, பத்தாண்டுகளில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டையைப் பாருங்கள். மாலையில் கல்லடிக்கு வாருங்கள். 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலமும், 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. பழைய பாலத்தில் நடந்து கடந்து, 1947 இல் மறைந்த விபுலாநந்த அடிகளின் சமாதியையும் தரிசிக்கலாம்.

நிலவு நாளாக இருந்தால் மீன்பாட்டைக் கேட்க ஒரு தோணி பேசிக்கொள்ளுங்கள். இயந்திரம் பூட்டாத தோணியாக இருக்கட்டும். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் இங்கு வந்து, இரவில் வாவியில் சென்று அந்த ஒலியைக் கேட்டார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியது என்று 1859 இல் வெளிவந்த தமது நூலில் குறித்திருக்கிறார். மீனவர்கள் அவருக்குச் சொன்ன விளக்கத்தில் பாடியது மீனல்ல, ஊரி. சிப்பி, சங்கு வகையை நம்மவர் அழைக்கும் அதே சொல். எது பாடினாலும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அது கேட்காது.

இரண்டாம் நாள் எழுவான்கரை. காத்தான்குடி வீதி நடுவே பேரீச்சை மரங்கள், ஆரையம்பதி, குருக்கள்மடம், களுதாவளையின் வெற்றிலைக் கொடிகளும் மரக்கறித் தோட்டங்களும், களுவாஞ்சிகுடி. பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலப் பயணம்தான். நீங்கள் ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் குறுமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூருக்குச் செல்லுங்கள். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் தில்லை மண்டூர் முருகன் ஆலயம் அங்கே இருக்கிறது. நான்காம் நாள் பட்டிருப்புப் பாலத்தால் வானைப் படுவான்கரைக்குக் கொண்டுபோய்ப் பழுகாமம், வெல்லாவெளி, அம்பிளாந்துறை ஊர்களைப் பாருங்கள். ஐந்தாம் நாள் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தை வணங்கிவிட்டு, மண்முனைப் பாலத்தாலோ வவுணதீவு வழியாக வலையிறவுப் பாலத்தாலோ நகருக்குத் திரும்பலாம். வழியில் சட்டித் தயிரும் வாவி இறாலும் நண்டும் கிடைக்கும். வான் அடுப்பில் நூடில்ஸ் அவிக்கவேண்டாம்.

நண்பரின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வானைப் பாதையில் ஏற்ற முடியுமா? முடியுமா என்பதை விடுங்கள். ஏற்றவேண்டாம் என்பதே எனது கருத்து. வானைக் கரையில் நிறுத்திவிட்டு ஆளாக ஏறுங்கள். இதற்கு ஸ்கொட்லாந்திலிருந்தே காரணம் சொல்கிறேன்.

அங்கே மேற்குத் தீவுகளுக்கான கப்பற் கட்டணம் 2008 இல் வெகுவாகக் குறைக்கப்பட்டது. தரைவழியாக அதே தூரம் ஓடினால் ஆகும் செலவை அடிப்படையாக வைத்துக் கட்டணத்தைக் கணக்கிடும் முறை அது. தீவுவாசிகளின் சுமையைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கட்டணம் குறைந்ததும் சுற்றுலா வாகனங்கள் திரண்டன. கோடையில் கப்பலின் வாகனத் தளத்தைப் பயணிகளின் வான்கள் முன்கூட்டியே பதிவுசெய்து நிரப்பிவிட, வைத்தியரிடம் செல்லவேண்டிய தீவுவாசிக்குத் தன் சொந்தக் கப்பலில் இடம் இல்லாமற்போனது. இந்த முறைப்பாடு அங்குள்ள பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வந்தது. கெட்ட நோக்கத்தோடு அங்கே எவரும் போகவில்லை. அழகைத் தேடி நிதானமாகப் போன நல்ல மனிதர்கள்தான் அந்த இடத்தை நிரப்பினார்கள்.

எங்கள் பாதைகளோ அந்தக் கப்பலின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. காலையில் அதில் ஏறுபவர்கள் யார்? மறுகரைப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணித் தாய், வயலுக்குப் போகும் விவசாயி, பால் கொண்டுவருபவர். ஒரு பாதை தவறினால் அவர்களுக்கு ஒரு நாட்கூலியோ, கையொப்பப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடோ போய்விடும். உங்களுக்கு நிதானம், அவர்களுக்குத் தாமதம். துறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்பீர்கள். காத்திருப்பை ஒருவர் விலைகொடுத்து வாங்கியிருக்கிறார். மற்றவர் தலையில் அது விதியாக விழுந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்த பயணம் எத்தனை அழகாக இருந்தாலும் மரியாதையான பயணமல்ல.

ஆகவே, பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பாதையில் ஏறாதீர்கள். காலை பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். உங்களால் தாமதிக்க முடியும், அதற்காகத்தானே வந்திருக்கிறீர்கள்.

சென்ற ஆண்டு வந்துபோன இன்னொருவர் என்னிடம், "பாலம் கட்டிவிட்டால் இந்த அழகெல்லாம் போய்விடுமே" என்று வருத்தப்பட்டார். இத்தகைய வருத்தத்தை நான் பல முறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே ஒருமுறை பாதையேறியவர்களிடமிருந்து. தினமும் இருமுறை ஏறுபவர் எவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

மண்முனையில் 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியோடு பாலம் திறக்கப்படும்வரை அங்கேயும் பாதைதான். நெல் மூட்டையும் நோயாளியும் மணமக்களும் ஒரே தளத்தில் கடந்த துறை அது. போர்க்காலத்தில் வாவி வெறும் நீராக இருக்கவில்லை, எல்லைக்கோடாக இருந்தது. எழுவான்கரை அரச படையினரின் கையிலும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்த ஆண்டுகளில், மறுகரைக்குப் போய்வருவது என்பது அடையாள அட்டையும் சோதனையும் அச்சமும் சேர்ந்த காரியம். 2007 இல் படுவான்கரை மக்கள் பல்லாயிரக்கணக்கில் பெயர்ந்து எழுவான்கரைக்கு வந்தபோதும் இந்த நீரைத் தாண்டித்தான் வந்தார்கள். அந்த மக்களுக்குப் பாலம் என்பது கொங்கிறீற்றுத் துண்டல்ல. இரவு பன்னிரண்டு மணிக்குப் பாம்பு கடித்தாலும் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம் என்ற உறுதி.

பாலம் தாமதமானால் என்ன நடக்கும் என்பதை அயல் மாவட்டமான திருகோணமலை நமக்குக் காட்டியிருக்கிறது. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாதிருந்த காலத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதவை 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பின்னும் பாதையை அழகுக்காகப் பாதுகாக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவரை அந்தத் துறைக்கு அழைத்துப்போய் நிறுத்தவேண்டும் போலிருக்கிறது.

பாலம் வந்தால் தீவின் தன்மை கெட்டுவிடும் என்பதும் அவ்வளவு உண்மையல்ல. ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவுக்கு 1995 இல் பாலம் திறக்கப்பட்டது. அங்கே எழுந்த பெரும் சண்டை பாலத்துக்கு எதிரானதல்ல. பாலத்தைக் கடக்க அறவிட்ட உயர்ந்த கட்டணத்துக்கு எதிரானது. ஆண்டுக்கணக்கில் மக்கள் போராடி, 2004 டிசெம்பரில் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. எரிஸ்கே என்ற சிறு தீவை 2001 இல் கடலுக்குக் குறுக்கே அமைத்த அணைவீதி அயல் தீவோடு இணைத்தது. பாலமும் அணையும் வந்த பின்னரும் பயணிகள் அந்தத் தீவுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். எனது நண்பரே சாட்சி. குறுமண்வெளி – மண்டூர் மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் பாலத்தை நாமும் அவர்களோடு சேர்ந்து கேட்போம். பாலம் வந்த பின்னும் அதன்மேல் மெதுவாகப் போக உங்களுக்கு எவரும் தடைசொல்லமாட்டார்கள்.

இரவில் எங்கே நிறுத்துவது? கடற்கரை கண்டதும் வானைத் திருப்பிவிடாதீர்கள். கரைவலைக்காரருக்கு அது வேலைத்தலம். விடியுமுன் வலை வளைப்பார்கள். நாவலடி போன்ற கரைகளில் 2004 டிசெம்பர் 26 இல் குடும்பம் குடும்பமாக மக்கள் மாண்டார்கள். உங்களுக்கு வெற்று மணலாகத் தெரியும் இடம் ஒருவரின் வீட்டு அத்திவாரமாக இருக்கலாம். படுவான்கரையில் வயலோரத்தில் இரவு தங்குவது ஆபத்து. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் காட்டு யானைகள் இறங்குகின்றன. வானில் வைத்திருக்கும் அரிசியும் வாழைக்குலையும் அவற்றுக்கு அழைப்பிதழ். வாவியில் முதலைகள் உண்டு. இரவில் கால் கழுவக்கூட இறங்காதீர்கள்.

ஊர்மனைக்குள் நிறுத்துங்கள்; கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கோயில் வண்ணக்கரையோ, பள்ளிவாசல் நிர்வாகத்தினரையோ, கிராம அபிவிருத்திச் சங்கத்தாரையோ கேளுங்கள். எங்கும் சுதந்திரமாக நடமாடும் உரிமையை 2003 இல் சட்டமாக்கிய ஸ்கொட்லாந்திலும் அந்த உரிமை மோட்டார் வாகனத்துக்கு இல்லை. அனுமதி கேட்டு நின்றால் பெரும்பாலும் ஒரு செம்புத் தண்ணீர் வரும். அதன் பின்னால் தேநீர் வரும். அதன் பின்னால், "வானுக்குள்ள ஏன் தம்பி படுக்கிறீங்க, வீட்டுக்கு வாங்களன்" என்ற குரல் வரும். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்லிவரும் பழங்கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மந்திரமும் மருந்தும் ஒன்றுமில்லை. ஒட்டவைப்பது அந்தக் குரல்தான். அழைத்தால் போய்ப் பாயில் படுங்கள். வான் ஓரிரவு தனியாகத் தூங்கட்டும்.

இன்னொன்று. இந்தக் கரைகளில் நினைவுகள் கிடக்கின்றன. கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் பொதுமக்கள் கொன்றுகுவிக்கப்பட்டார்கள். காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இந்த இடங்களைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். போங்கள்; வானைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள்; படம் எடுப்பதற்கு முன் யாரிடமாவது கேளுங்கள். ஒருவர் தானாகப் பேசினால் இருந்து கேளுங்கள். ஐம்பது ஆண்டுக்கால வரலாற்றை ஐந்து நிமிடத்தில் சொல்லச்சொல்லி எவரையும் நெருக்காதீர்கள்.

உள்ளூராட்சி மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தகைய வான்கள் இன்று ஒன்றிரண்டாக வருகின்றன. நாளை பத்தாக வரும். வந்த பின் குப்பையையும் கழிவுநீரையும் பற்றிக் கூட்டம் போட்டுப் பயனில்லை. எழுவான்கரையில் ஓரிடம், படுவான்கரையில் ஓரிடம் என்று இரண்டு தரிப்பிடங்களை இப்போதே ஒதுக்கலாம். தண்ணீர்க் குழாய், மலசலகூடம், குப்பை கொட்ட ஓரிடம், ஒரு மின்விளக்கு, இவை போதும். கோடிக்கணக்கில் செலவழித்து விடுதி கட்டத் தேவையில்லை. பொறுப்பை ஊரின் மாதர் சங்கத்திடம் கொடுத்தால், இரவுக் கட்டணமும் காலையில் விற்கும் பிட்டும் மீன்கறியும் அந்த ஊருக்கே சேரும். மடம் என்ற பெயரை மட்டும் காப்பாற்றி, மடத்தைத் தொலைத்துவிட்ட ஊர்கள் மீண்டும் ஒரு மடத்தைப் பெறட்டும்.

நண்பர் சொன்ன ஸ்கொட்லாந்துச் செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. அத்தீவுகளின் வீதிகளில் பல ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய அகலமுடையவையாம். இடையிடையே ஒதுங்குவதற்கென்று சிறு திட்டுகள் விட்டிருக்கிறார்கள். எதிரே வருபவருக்கு மட்டுமல்ல, பின்னால் அவசரமாக வரும் உள்ளூர்க்காரருக்கும் வழிவிட்டு அங்கே ஒதுங்கவேண்டும் என்பது விதி. வேலைக்குப் போகிறவர் முன்னே போகட்டும். ஊர் பார்க்க வந்தவர் பொறுத்துப் போகலாம்.

படுவான்கரை வீதிகளில் அத்தகைய திட்டுகள் இல்லை. ஆனால் பின்னால் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் வரும். கண்ணாடியில் அதைக் கண்டதும் ஓரம்கட்டுங்கள்.